அடக்கத்தால் வந்த பற்றாக்குறை

‘பொருள்வழிப் பங்களிப்பு மதிப்பீட்டு அலுவலர்: கணக்கியலில் பட்டம் பெற்றவர்; எத்தரப்பையும் சாராதவர்; பயனாளிக் குடும்பங்களுடன் தனிப்பட்ட உறவு எதுவும் இல்லாதவர்; நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்.’

குடியமர்த்தல் துறையின் கோப்பில் மணியக்காவைப் பற்றி இப்படித்தான் இருந்தது. படிப்பவர் மனக்கண்ணில் இஸ்திரி போட்ட சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து நிற்பார். மணியக்கா கணக்கியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் கல்யாணத்துக்காக விட்டவள். பிறகு ஒரு திரையரங்கில், அது மூடப்படும்வரை, டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். நிதானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். யாராவது கதவை ஒரு தரம் தட்டினால், மறுதரம் தட்டுவதற்குள் நாலைந்து கெட்ட செய்திகளை யோசித்துத் தயாராக வைத்துவிடுவாள். ‘சாராதவர்’ என்பது மட்டும் ஓரளவுக்குப் பொருந்தும். அவள் கடவுளைக்கூடச் சாராதவள். வழிபாட்டு மன்றம் நடத்தும் அறக்கட்டளையில் பல வருஷமாக வேலை பார்த்தும் ஒருநாள் கைகூப்பியதில்லை. மன்றத்தார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நம்பிக்கை இல்லாதவள் கையில் கணக்கு பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்காரர்களின் தர்க்கமே தனி.

அறக்கட்டளையின் வேலை, சண்டைக்குத் தப்பி ஓடி முகாம்களில் கிடந்தவர்களில் துறை அனுப்பிவைக்கும் குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் குடிவைப்பது. அதற்குத் துறை பணம் தரும். சும்மா தராது, நீ ஒரு பங்கு போடு, நான் இரண்டு பங்கு போடுகிறேன் என்பது ஒப்பந்தம். காணிக்கையில் மின்கட்டணம் கட்டவே திணறுகிற அறக்கட்டளை அந்த ஒரு பங்குக்கு எங்கே போகும்? அதற்கும் துறையே வழி சொல்லியிருந்தது. காசாகப் போட வேண்டாம், உழைப்பாகப் போடலாம். மன்றத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தக் குடும்பத்துக்காகக் கட்டில் சுமந்தாலும், ஆஸ்பத்திரிக்குத் துணை போனாலும், சம்பளம் வாங்காமல் செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை. டாக்டருக்கும் அதே விலை, தரை துடைப்பவருக்கும் அதே விலை. உலகத்தில் வேறெங்கும் கைகூடாத சமத்துவம், துறையின் ஓர் அட்டவணையில் கைகூடியிருந்தது.

இந்த மணிகளைச் சேர்த்துக் கணக்குப் பண்ணுவதுதான் அவள் உத்தியோகம். ‘மணிக்கணக்கு அக்கா’ என்று ஆரம்பித்த பெயர், சொல்லிச் சொல்லித் தேய்ந்து ‘மணியக்கா’வில் நின்றது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வழிபாட்டில் செலவழித்த நேரம் கணக்கில் சேராது. சாமி கும்பிட வரிப்பணத்தில் கூலி கிடையாது. நியாயம்தான்.

கோளாறு இந்த இடத்தில்தான் தொடங்கியது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கிறார்கள். இந்த மன்றத்தார் அதை நிஜமாகவே கடைப்பிடித்துத் தொலைத்தார்கள். செய்த உதவியைச் செய்தவரே வாயால் சொன்னால் அது பாழாய்ப்போய்விடும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் மணிக்கணக்கை அவரவர் குரலிலேயே தொலைபேசியில் பதிந்து அனுப்ப வேண்டும் என்று துறை சொல்லிவிட்டது. கொஞ்ச நாள் தவித்தார்கள். பிறகு, யாரும் யாரிடமும் கலந்து பேசாமலே, எல்லோரும் ஒரே குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். பிரார்த்தனை செய்தேன் என்று சொல்வது தம்பட்டம் ஆகாது அல்லவா?

“மணியக்கா, லாரிக்காரன் பேசறேன். நேத்து அந்த டயர் கடை மாடி வீட்டுக் குடும்பத்துக்காக ஒரு நாலு மணி நேரம்... பிரார்த்தனை. ஆமா, பிரார்த்தனைதான். வேற ஒண்ணும் இல்ல. முதுகு வேற பிடிச்சுக்கிச்சு. வச்சிடறேன்.”

பிரார்த்தனையில் முதுகு பிடித்துக்கொள்ளுமா என்று மணியக்கா கேட்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றதை அவளே பார்த்திருந்தாள். ‘கட்டில், அலமாரி ஏற்றியது, நான்கு மணி’ என்று கணக்கில் பதிந்தாள். அவர் சொன்னது பொய், அவள் எழுதியது நிஜம். மாதக்கணக்காக இப்படியே ஓடியது. துறை எண்களைத்தான் பார்க்கும். குரலை யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் துறையிலிருந்து தொலைபேசி வந்தது. புதிய தணிக்கையாளர் வருகிறார், ஒலிப்பதிவுகளைக் கேட்பார் என்று சொன்னார்கள்.

மணியக்கா கோப்புகளை எடுத்து எண்ணினாள். நல்லவேளையாக அந்தச் சமயம் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. கெட்டவேளையாக அது டயர் கடை மாடிக் குடும்பம்.

ஒரு தாய், இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவன் இல்லை, எப்படி இல்லாமல் போனான் என்று யாரும் கேட்கவில்லை. மூத்த மகள் ஒருத்தி இருந்தாள். புறப்படும் சமயத்தில் அவளுக்கு நெஞ்சில் காசநோய் என்று கண்டுபிடித்து, மருந்து முடியட்டும் என்று முகாமிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது மருந்து முடிந்துவிட்டது. அவள் வருவதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி: இங்கே குடும்பத்துக்கு ஒரு முகவரியும், அந்த முகவரிக்கு அடுத்த மூன்று மாத வாடகை உறுதியும். மணிக்கணக்கு செல்லாவிட்டால் துறையின் இரண்டு பங்கு வராது. அது வராவிட்டால் வாடகை கிடையாது. கீழே டயர் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர், எப்போது காலியாகும், மச்சினனைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று காத்திருந்தார். வீடு போனால் முகவரி போச்சு. முகவரி போனால் மகளின் கோப்பு வரிசையின் வாலுக்குப் போய்விடும். அந்த வரிசைக்கு வால் எங்கே இருக்கிறது என்று துறைக்கே தெரியாது.

இத்தனையும் எந்தக் கணக்கு அலுவலருக்கும் தெரிந்திருக்கும். மணியக்காவுக்கு அதற்கு மேலும் தெரியும். உள் அறையில் மூத்தவளுக்கென்று ஒரு கட்டில் விரிப்புப் போட்டுத் தயாராக இருந்தது, அதில் தம்பியும் தங்கையும் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் அம்மா அடிப்பாள். சின்னவன் தூங்கும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வான், தன்னுடையதை அல்ல, பக்கத்தில் இருப்பவருடையதை. பெரும்பாலும் அது மணியக்காவின் காது.

ஏனென்றால் அவள் தினமும் அங்கே போனாள். முதல்முறை போனது கட்டில்களை எண்ணிப் பார்க்க. அந்தத் தாய்க்கு ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் மாலை வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல்; அவள் வாசற்படியில் நின்று கடிகாரத்தையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தாள். “போயிட்டு வாம்மா, இன்னிக்கு மட்டும் நான் இருக்கேன்” என்று மணியக்கா சொன்னாள். ‘இன்னிக்கு மட்டும்’ என்பதற்கு உலகத்தில் எப்போதும் உள்ள கதிதான் அதற்கும் நேர்ந்தது. ‘தனிப்பட்ட உறவு எதுவும் இல்லாதவர்’ அலுவலகம் முடிந்ததும் நேரே அந்த மாடிக்குப் போய், தாய் வரும்வரை பிள்ளைகளோடு இருந்தாள். மன்றத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமலிருந்தது புண்ணியத்துக்கு. இவள் சொல்லாமலிருந்தது உத்தியோகத்துக்கு.

தணிக்கையாளர் வந்தார். சின்ன வயது, நல்ல மரியாதை, தொண்டையில் ஜலதோஷம். மன்றத்தின் பின்பக்கம் மடக்கு நாற்காலிகள் அடுக்கிய அறைதான் அலுவலகம். சொந்தமாக ஒரு ஹெட்போன் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். எதிரில் மணியக்கா அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இடது புருவம் ஏறியது. பிறகு வலதும் போய்ச் சேர்ந்துகொண்டது.

“மேடம், பதிவுல பிரார்த்தனைன்னு சொல்றாங்க. கணக்குல கட்டில் ஏத்தினதுன்னு இருக்கு.”

“ஆமா சார்.”

“இன்னொருத்தங்களும் பிரார்த்தனைங்கறாங்க. கணக்குல திரைச்சீலை தைச்சது.”

“ஆமா சார்.”

“எது பொய்?”

“பதிவுதான் சார் பொய்.”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நான் இதுக்கு முன்னாடி மீன்வளத் துறையில இருந்தேன். ஒரே படகை ஏழு பேர் ஏழு நிறம் அடிச்சு ஏழு மானியம் வாங்குவாங்க. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றவங்களை நிறையப் பாத்திருக்கேன். செஞ்சதைச் செய்யலேன்னு சாதிக்கிறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“அவங்க வழக்கம் அப்படி சார். வாயால சொன்னா போயிடுமாம்.”

“என்ன போயிடும்?”

“புண்ணியம்.”

“சொல்லலேன்னா வாடகை போயிடும்.” அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. “நீங்க பாத்ததை எழுதினீங்கன்னு நான் நம்பறேன் மேடம். ஆனா கணக்கு எழுதினவங்களே சாட்சி ஆக முடியாது. செஞ்சவங்க திருத்திச் சொல்லட்டும். திங்கட்கிழமை வர்றேன். இல்லேன்னா எல்லாத்தையும் பிரார்த்தனைன்னுதான் நான் எடுத்துக்கணும்.”

அன்று வீட்டில் அவள் சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாளெல்லாம் அந்தரத்தில் தொங்குகிறவருக்கு எதற்கும் பதறாத குணம் வந்திருந்தது, அல்லது அந்தக் குணம் இருந்ததால் அந்த வேலைக்குப் போயிருந்தார்.

“பதிவைக் கேட்டா என்ன, அந்த ஆளு உன் தலையையா வாங்கப்போறான்?” என்றார்.

“கேட்டுட்டு அந்த வீட்டுக்குப் போனா? அங்க பிள்ளைங்க என்னைப் பாத்ததும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்குமே.”

“கட்டிக்கட்டும். கழுத்தைத்தானே கட்டிக்குது, அறுக்கலையே.”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு.”

“இல்லடி. லிஃப்ட் அறுந்துடும்னு பயந்து படியில இறங்கினவங்கதான் அதிகம் கால் ஒடிச்சுக்கிட்டு இருக்காங்க. சாப்பிடு.”

மறுநாள் முதல் வேலையாகச் செயலாளரிடம் போனாள். மன்றச் செயலாளர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாலு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் மாட்டிய அந்தக் கடையில் அவருடைய அடக்கமான முகம் நாற்பது இடத்தில் தெரியும்.

“நீங்க கேக்கறது சின்ன விஷயம்தான் மணியக்கா. ஆனா எங்க வாயால வராது. எங்கப்பா சாகற வரைக்கும் தான் யாருக்கு என்ன உதவி செஞ்சோம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

ஒருவேளை சொல்லும்படி எதுவும் இல்லையோ என்னவோ என்று மணியக்காவுக்குத் தோன்றியது. அடக்கிக்கொண்டாள்.

“வாடகை போயிடும் சார். அந்தப் பொண்ணு வர முடியாது.”

“பிரார்த்தனை பண்றேன்” என்றார். பிறகு, “அடக்கத்துல இந்த ஊர்ல எங்களை அடிச்சுக்க ஆளில்லை, அது எங்களுக்கே தெரியும்” என்று பெருமையோடு சொன்னார்.

லாரிக்காரர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மணியக்கா கால்களிடம் பேசினாள்.

“அண்ணே, நீங்க அந்த வீட்டுக்குக் கட்டில் ஏத்தினீங்களா, இல்லையா?”

“பிரார்த்தனைதாம்மா பண்ணினேன்.”

“பிரார்த்தனையில அலமாரிக் கதவு எப்படி அண்ணே உடைஞ்சுது?”

“அதை அலமாரியைத்தான் கேக்கணும்.”

“நீங்க வாயைத் திறக்கலேன்னா அந்தப் பிள்ளைங்க நடுத்தெருவுக்கு வந்துடும். உங்க புண்ணியத்துக்கு அவங்க வீடு விலையா?”

 அவர் வெளியே நகர்ந்து வந்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. “எங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேம்மா. மாட்டேன்னா மாட்டேன்தான்.”

மணியக்கா திரும்பினாள்.  இன்னும் எத்தனை வீட்டுப் படி ஏறி இதே பதிலைக் கேட்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே நடந்தாள். அப்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“நான் கிடக்கேன், நான் என்ன பெருசாப் பண்ணிட்டேன்? அந்தத் தையல்காரம்மாவைச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை பூரா அங்கயே உக்காந்து அத்தனை ஜன்னலுக்கும் திரை தைச்சாங்க, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் சட்டையும். ஒரு ஜன்னலுக்கு அளவு தப்பாப் போச்சு. கேட்டா, ஜன்னல்தான் கோணல்ங்கறாங்க! அவங்களும் பிரார்த்தனைன்னுதானே சொல்லியிருப்பாங்க? சுத்தப் பொய்!”

மணியக்கா நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள்.

“அண்ணே, இப்ப சொன்னதை அப்படியே இன்னொரு தரம் சொல்லுங்க.”

“அவங்களைப் பத்தித்தானே? அதுக்கென்ன, தாராளமா.”

தன்னைப் பற்றிச் சொன்னால் பாவம். அடுத்தவரைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று எந்த மகானும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அது நடக்கிற காரியமில்லை. தையல்காரம்மாவின் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் பெயரை எடுத்ததும் அது நின்றது.

“அவரா? லாரியைக் குறுக்க நிறுத்திட்டு, தெருவே ஹாரன் அடிக்குது, இவர் பாட்டுக்கு மெத்தையைத் தலையில வச்சுக்கிட்டு படியேறுறாரு. என்ன சொன்னாரு, நாலு மணி நேரமா? அஞ்சும்மா அஞ்சு! கட்டிலைத் தலைகீழா மாட்டிட்டு, கழட்டி மறுபடி மாட்டினாரே, அந்த ஒரு மணி நேரம் யார் வீட்டுக் கணக்கு?”

“ஜன்னல் கோணல்னு சொன்னீங்களாமே அக்கா?”

“கோணல்தான்! யார் சொன்னது? அவரா? இருங்க, மருந்துக்கடைக்காரர் எத்தனை தடவை அந்தத் தாயைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாருன்னு கேட்டீங்களா? அந்த ஆள் சொல்லவே மாட்டாரு. நான் சொல்றேன், எழுதிக்கோங்க.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மணியக்கா வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பழமொழியால் ஆறுதல் அடைந்தாள். தையல்காரம்மா மருந்துக்கடைக்காரரைக் காட்டிக்கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் எதிர்வீட்டு ஆசிரியையை. ஆசிரியை வேறு மூன்று பேரை, அவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது செய்த பிழைகளோடு சேர்த்து. சாட்சி சொன்ன ஒருவர்கூடப் புகழ்ந்து சொல்லவில்லை. குறை சொன்னார்கள். குறைக்கு நடுவே மணிக்கணக்கு சுத்தமாக வந்து விழுந்தது. தணிக்கையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பார்த்தவர்கள் சொன்னால் செல்லுமா என்று கேட்டாள். அவர் தும்மிவிட்டு, “அவங்கவங்க சொல்றதைவிட நல்லாச் செல்லும் மேடம்” என்றார்.

சனிக்கிழமை மாலைக்குள் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் சாட்சி கிடைத்துவிட்டது. அந்த ஒருவர் செயலாளர். மன்றத்திலேயே அதிக மணிகள் அவருடையவைதான். தினமும் காலையில் ஒரு மணி நேரம் தவறாமல் பதிவு வந்திருந்தது. மணியக்கா அதையெல்லாம் ‘நிர்வாகப் பணி’ என்று எழுதியிருந்தாள். செயலாளர் வேறென்ன செய்யப்போகிறார்?

“அவரா?” என்றார் மருந்துக்கடைக்காரர். “அவர் பிரார்த்தனை பண்ணுவாரு.”

“வேற?”

அவர் யோசித்தார். “நல்லாப் பண்ணுவாரு.”

கண்ணாடிக் கடையில் அப்போது வாடிக்கையாளர் யாரும் இல்லை. மணியக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், தினமும் காலையில ஒரு மணி நேரம்னு சொன்னீங்களே. அது... நிஜமாவே பிரார்த்தனைதானா?”

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது கண்ணாடிகளிலும் துடைத்தார்.

“எனக்கு முதுகெலும்புல கோளாறு. கட்டில் தூக்க முடியாது. வேற எதுவும் எனக்குத் தெரியவும் தெரியாது. நான் பிரார்த்தனைன்னு நிஜத்தைத்தான் சொன்னேன். எல்லாரும் அடக்கமாச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நானும் நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

ஆக, மன்றத்திலேயே உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். அந்த உண்மையால் ஐம்பது மணிக்கு மேல் கணக்கில் ஓட்டை விழுந்தது. புதிதாக யாரையும் வேலை செய்யச் சொல்லி அதை அடைக்க முடியாது. கணக்கு போன மாதத்தோடு முடிந்துவிட்டது. நேற்றைக்கு இன்று கட்டில் சுமக்க முடியாதல்லவா? பங்கு ஒரு மணி குறைந்தாலும் முழு இரண்டு பங்கும் நின்றுபோகும் என்பது விதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற கதையில், இங்கே பூசாரிக்கும் வழி இல்லை.

அன்று மாலை டயர் கடை மாடியில் சின்னவன் அவள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். வேலை முடிந்து தாய் வந்தாள். சோடாக் காரத்தில் அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சில் கொஞ்சம் சொற்கள்தான் தெரியும். அவற்றில் பாதியை மணியக்காவிடமிருந்து கற்றிருந்தாள்.

“அக்கா. பொண்ணு போன் பண்ணிச்சு. பை கட்டிடுச்சு.”

“அதுக்குள்ளயா?”

“மருந்து முடிஞ்ச அன்னிக்கே கட்டிடுச்சு. தினம் பிரிச்சுப் பாக்குது, மறுபடி கட்டுது. எப்ப அக்கா?”

மணியக்கா எதற்கும் ‘வரும், வரும்’ என்று சொல்லிவிடுகிறவள். அன்று அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. விரிப்புப் போட்ட கட்டிலைப் பார்த்தாள். அதன் ஒரு கால் இன்னமும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. லாரிக்காரர் அடையாளம்.

படியிறங்கும்போது டயர் கடைக்காரர் வழிமறித்தார். “என்ன அக்கா, ஒண்ணாம் தேதி வீடு காலி ஆகுமா ஆகாதா? மச்சினன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“தெரியல தம்பி.”

“உங்களுக்கே தெரியலேன்னா யாருக்குத் தெரியும்? தினம் வர்றீங்க.”

தினம் வருகிறாள். அந்த இரண்டு சொற்களை அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தாள். கணக்குத் தெரிந்தவள், மனம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல விரல்கள் கூட்டிப் பார்த்துவிட்டன. அவளுடைய மாலைகள் அந்த ஓட்டையை அடைத்து, மேலேயும் மிஞ்சும். சம்பள நேரத்துக்கு வெளியே, கூலி வாங்காமல், பயனாளிக் குடும்பத்துக்காக. விதிப்படி ஒவ்வொன்றும் செல்லும். அவற்றைச் செய்தவள் மட்டும்தான் விதிப்படி செல்லமாட்டாள்.

“சொன்னா வேலை போயிடும்” என்றாள் கணவரிடம்.

“சொல்லலேன்னா?”

“பொண்ணு வர முடியாது.”

அவர் எப்போதும்போல் ஏதாவது வேடிக்கை சொல்வார் என்று காத்திருந்தாள்.  அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் அவர் சம்பளம் சரியாக இருக்கும். “சினிமாக் கொட்டகை மூடி உன் வேலை போனப்பவும் நாம சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தோம்” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை தணிக்கையாளர் சாட்சிகளின் குரலை வரிசையாகக் கேட்டார். தையல்காரம்மாவின் ‘அஞ்சும்மா அஞ்சு’ வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறியது. செயலாளரின் மணிகளைத் தானே முன்வந்து அடித்துவிட்டாள் மணியக்கா. அவர் கூட்டிப் பார்த்தார். இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.

“குறையுது மேடம்.”

“தெரியும் சார்.”

“எனக்கும் கஷ்டமா இருக்கு. வேற யாராவது விட்டுப்போச்சா?” அவர் தாளைப் புரட்டினார். “அந்தத் தாய் மாலை ஷிஃப்ட்னு இருக்கு. அப்ப பிள்ளைங்களை யார் பாத்துக்கறாங்க?”

மின்விசிறி சுற்றியது.   மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். மணியக்காவின் மடியில் இருந்த கனம், தினமும் அங்கே தூங்கிப்போகும் ஒரு சின்னப் பையனின் தலை.

“நான்தான் சார்.”

“நீங்களா?”

“வேலை முடிஞ்சு நேரா அங்க போவேன். அவங்க வர்ற வரைக்கும். வந்ததும் கிளம்பிடுவேன்.”

அவர் பேனாவை மூடினார். “மேடம், உங்க பதவியோட விதிமுறை...”

“தெரியும் சார். தனிப்பட்ட உறவு எதுவும் இல்லாதவர்.”

“இதை நான் எழுதினா—”

“எழுதுங்க.”

“நீங்களே சொன்னாச் செல்லாதே. யாராவது பாத்திருக்கணும்.”

அவள் டயர் கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், வீடு காலியாக வேண்டும் என்று காத்திருப்பவனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம் என்று உறைத்தது. தணிக்கையாளர் ஒலிபெருக்கியைப் போட்டுக் கூப்பிட்டார். பின்னணியில் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.

“மேல வர்ற அம்மாவா? பாத்திருக்கேனாவா? நல்லா கேட்டீங்க சார்! தினம் ஆறு மணிக்கு என் டயர் அடுக்கை இடிச்சுக்கிட்டுதான் படியேறும். நானும் தள்ளி வச்சுப் பாத்துட்டேன், தள்ளி வச்ச இடத்துல வந்து இடிக்குது. அப்புறம் ரெண்டு வாண்டும் சேர்ந்து மேல தடதடன்னு ஒரு ஓட்டம். எட்டு மணிக்கு அந்தம்மா பாட ஆரம்பிக்கும். சார், நீங்க அந்தப் பாட்டைக் கேட்டதில்லையே? பிள்ளைங்க எப்படித் தூங்குதுன்னு தெரியல, எனக்குத் தூக்கமே போயிடும். அவங்க ஆத்தா வந்தப்புறம்தான் நிக்கும். மூணு மாசமா, ஞாயித்துக்கிழமை தவிர ஒருநாள் லீவு கிடையாது. ஏன், யாராவது புகார் கொடுத்திருக்காங்களா? கொடுத்திருந்தா என் பேரையும் சேத்துக்கோங்க!”

“நன்றி” என்றார் தணிக்கையாளர். எழுதினார். மேஜையைப் பார்த்துக்கொண்டே, “இதைவிட நல்ல சாட்சி என் உத்தியோகத்துல கிடைச்சதில்லை” என்றார்.

துறையின் இரண்டு பங்கு வந்தது. மச்சினன் வேறிடம் பார்த்துக்கொண்டான். மூத்தவள் ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். கோணல் கட்டிலில் முதலில் யார் உட்காருவது என்று சின்னவர்கள் இருவரும் அடித்துக்கொண்டார்கள். அவள் நடுவில் படுத்துத் தூங்கிப்போனாள். அதே மாதத்தில் துறை மணியக்காவைப் பதவியிலிருந்து நீக்கியது. அவள் இடத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, கோப்பில் எழுதியிருந்தபடியே ஒருவர் வந்தார், நல்ல மனிதர்தான். மன்றத்தில் எல்லோரும் அவளைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார்கள். அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இப்போது ஒரு பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள், பழைய சம்பளத்தில் பாதிக்கு.

மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒவ்வொரு மாலையும், ஒரு தாய் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த நேரம் முழுவதும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கு மணியக்கா துணையாக இருந்தாள். கேட்டபோது அதைச் சொன்னாள்.